ஊர்த் தலைவர், நர்சம்மா, கரண்ட் பில்

ஒரு கிராமத்துக்கு முதலில் டாக்டர் தேவையா, கரண்ட் பில் ஒழுங்காகக் கட்டுகிற ஆள் தேவையா? கேள்வியே ஏடாகூடமாக இருக்கிறது என்று தோன்றும். ஆனால் மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு பஞ்சாயத்துத் தலைவர் பல வருடம் மண்டையை உடைத்துக்கொண்டது ஒரு கரண்ட் பில்லோடுதான். அந்த பில்லுக்கும் ஊர்க் குழந்தைகளின் வயிற்றுக்கும் நேரடி சம்பந்தம் உண்டு. எப்படி என்று கொஞ்சம் பொறுமையாகப் பார்க்கலாம்..

ஒரு ஊராட்சித் தலைவரின் கையில் என்னதான் அதிகாரம் இருக்கிறது? 1994-ஆம் வருடத்து தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் கிராம ஊராட்சியின் கடமை என்று சொல்பவை தெருவிளக்கு, சாக்கடை, தெருக்கூட்டுதல், பொதுக் கழிப்பிடம், சுடுகாடு, குடிதண்ணீர். ஆஸ்பத்திரி அதில் கிடையாது. ஆரம்ப சுகாதார நிலையம், அங்கே இருக்கும் டாக்டர், ஊருக்குள் வரும் கிராம சுகாதார செவிலியர் எல்லோரும் மாநில அரசின் பொது சுகாதாரத் துறைக்குக் கீழே வருகிறவர்கள். நர்சம்மாவை இங்கே மாற்று, அங்கே போடு என்று தலைவர் சொல்ல முடியாது. அதே மாதிரி, சாக்கடையைத் தூர் வாரு, தொட்டியைக் கழுவு என்று நர்சம்மா ஆர்டர் போட முடியாது. நோய் வந்த பிறகு பார்க்கும் பொறுப்பு ஒருத்தரிடம், நோய் வரும் வழியை அடைக்கிற பொறுப்பு பெரும்பாலும் இன்னொருத்தரிடம்! இரண்டு பேரும் பேசிக்கொள்ளாவிட்டால் நடுவில் மாட்டிக்கொள்வது ஊர் ஜனங்கள்தான்.

இப்போது அந்த ஊருக்கு வருவோம். கோவையிலிருந்து ஊட்டி போகிறவர்கள் மேட்டுப்பாளையம் தாண்டியதும் பிளாக் தண்டர் போர்டைப் பார்த்திருப்பார்கள். அந்தப் பக்கம்தான் ஓடந்துறை. காரமடை ஒன்றியத்தைச் சேர்ந்த ஊராட்சி, நீலகிரி மலையடிவாரம். புதிய சட்டம் வந்த பிறகு 1996-ல் நடந்த முதல் உள்ளாட்சித் தேர்தலில் ஆர்.சண்முகம் என்பவர் அங்கே தலைவரானார். இரண்டு முறை, அதாவது 2006 வரை பதவியில் இருந்தார். அதற்குப் பிறகு அவருடைய மனைவி லிங்கம்மாள் தலைவரானார்.

ஓடந்துறை என்று தேடினால் எல்லோரும் காற்றாலையைத்தான் எழுதியிருப்பார்கள். "சொந்தமாகக் கரண்ட் தயாரிக்கும் பஞ்சாயத்து" என்று தலைப்புப் போட்டுவிட்டு முடித்துவிடுவார்கள். ஆனால் அந்தக் காற்றாலைக்கு முந்தைய கதை தண்ணீரிலிருந்து ஆரம்பிக்கிறது.

பக்கத்தில் பவானி ஓடினாலும் குக்கிராமங்களுக்கு நல்ல தண்ணீர் போய்ச் சேருவது பெரும்பாடு. 1990-களின் கடைசியில் மத்திய அரசு குடிநீர்த் திட்டத்தில் ஒரு சீர்திருத்தம் கொண்டுவந்தது. கட்டுமானச் செலவில் பத்தில் ஒரு பங்கை ஊர் மக்களே போட வேண்டும், கட்டி முடித்த பிறகு பராமரிப்புச் செலவு முழுக்க ஊருடையது. இலவசத்துக்குப் பழகிய நாட்டில் இது எடுபடுமா என்று பல பேர் சந்தேகப்பட்டார்கள். ஓடந்துறை சுமார் 48 லட்ச ரூபாயில் தனக்கென்று ஒரு குடிநீர்த் திட்டத்தை நிறைவேற்றிக்கொண்டது. காசு போட்டவன் குழாய் உடைந்தால் சும்மா இருக்க மாட்டான் என்பது காமர்ஸ் படிக்காதவர்களுக்கும் தெரிந்த பொருளாதாரம்தானே!

தண்ணீர் வந்தது, தெருவிளக்குகள் கூடின. கூடவே கரண்ட் பில்லும் வந்தது. 1996-ல் மாதம் இரண்டாயிரம் ரூபாய் அளவில் இருந்த பில், மோட்டார்களும் விளக்குகளும் கூடக் கூட சில வருடங்களில் ஐம்பதாயிரத்தை எட்டிவிட்டது. ஒரு சின்ன பஞ்சாயத்துக்கு இது தலைமேல் விழுந்த இடி. இப்படிப்பட்ட நிலைமையில் பெரும்பாலான ஊர்களில் என்ன நடக்கும்? பாக்கி ஏறும். மோட்டார் ஓடும் நேரத்தைக் குறைப்பார்கள். தினமும் வந்த தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒருமுறை வரும், அப்புறம் வாரத்துக்கு ஒருமுறை..

இங்கேதான் வயிறு வருகிறது. குழாயில் தண்ணீர் அழுத்தத்தோடு ஓடிக்கொண்டிருக்கும்போது, எங்காவது விரிசல் இருந்தால் உள்ளே இருக்கும் தண்ணீர் வெளியே கசியும். வீண்தான், ஆனால் ஆபத்து குறைவு. மோட்டாரை நிறுத்திவிட்டால் குழாய்க்குள் அழுத்தம் போய்விடும். அப்போது அதே விரிசல் வழியாக வெளியே தேங்கி நிற்கும் சாக்கடைத் தண்ணீர் உள்ளே இழுக்கப்படும். அடுத்த முறை தண்ணீர் விடும்போது முதல் குடத்தில் வருவது அந்தக் கலவைதான். வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை எல்லாம் ஊருக்குள் நுழையும் வழிகளில் இது ஒன்று. ஆக, மோட்டாரை ஓட வைக்கிற காசும் மருந்துச் செலவுக் கணக்கில்தான் சேர வேண்டும்.

பில்லைக் குறைக்க ஓடந்துறை முதலில் சூரிய ஒளித் தெருவிளக்கைப் போட்டுப் பார்த்தது. பிறகு 2003-ல் 9 கிலோவாட் கேசிஃபையர் ஒன்றை வைத்து, மரக்கழிவை எரித்து வரும் வாயுவில் தண்ணீர் மோட்டாரை ஓட்டினார்கள். மேட்டுப்பாளையம் பக்கம் மரக்கடைகளுக்குக் குறைவா என்ன! அதற்கும் அடுத்த படியாகத்தான் 2006-ல் காற்றாலை.

இந்த இடத்தில் பி.காம் மாணவர்கள் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். 350 கிலோவாட் காற்றாலையின் விலை 1 கோடியே 55 லட்சம். பஞ்சாயத்து தன் கையிருப்பிலிருந்து போட்டது 40 லட்சம், மீதி 1 கோடியே 15 லட்சம் வங்கிக் கடன். கடனுக்கும் சொந்த முதலுக்கும் விகிதம் ஏறக்குறைய 3:1. ஒரு சின்ன மில்லுக்குக்கூட மேனேஜர் இரண்டு முறை யோசிக்கிற விகிதம், இங்கே வாங்குவதோ ஒரு கிராமப் பஞ்சாயத்து! ஆனால் கணக்கு நின்றது. வருடத்துக்கு சுமார் 6.75 லட்சம் யூனிட் உற்பத்தி. ஊரின் தேவை சுமார் 4.5 லட்சம் யூனிட். மீதி மின்வாரியத்துக்கு விற்பனை. கடன் தவணை கட்ட அந்த வரவு.

காற்றாலையைப் பார்க்கலாம் என்று ஓடந்துறைக்குப் போனால் ஏமாந்துதான் திரும்ப வேண்டும். அது இருப்பது நூறு கிலோமீட்டர் அளவு தள்ளி, உடுமலைப்பேட்டை பக்கம் மைவாடியில். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று அந்தப் பக்கம்தான் வீசுகிறது. அங்கே உற்பத்தியாகும் மின்சாரம் வாரியத்தின் கம்பியில் போய்ச் சேர, இங்கே ஊரின் பில்லில் கழித்துக்கொள்வார்கள். உலக வங்கி ஆட்கள் வரை வந்து பார்த்துவிட்டுப் போன விஷயம் இது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். காற்றாலை வாங்கிய பெருமையை எல்லோரும் எழுதுகிறார்கள். 2006-க்குப் பிறகு தவணை கட்டிக்கொண்டிருந்த வருடங்களில் தலைவர் நாற்காலியில் இருந்தவர் லிங்கம்மாள். அதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். கடன் வாங்குவதைவிடக் கட்டி முடிப்பதுதான் கஷ்டம் என்பது கொங்கு நாட்டில் தறி ஓட்டுகிற எந்தக் குடும்பத்தைக் கேட்டாலும் சொல்வார்கள்.

இதெல்லாம் பெரிய விஷயங்கள். சின்ன விஷயத்துக்கு வருவோம். ஊரில் மேல்நிலைத் தொட்டி ஒன்று இருக்கும். அதைத் திறந்து மூடுகிற டேங்க் ஆபரேட்டர் ஒருத்தர் இருப்பார். ஊரிலேயே மிகக் குறைந்த சம்பளம் வாங்குகிற ஆட்களில் அவரும் ஒருத்தர். அவர் காலையில் செய்ய வேண்டிய வேலை இது: ஆயிரம் லிட்டருக்கு 4 கிராம் கணக்கில் பிளீச்சிங் பவுடரை எடுத்து, ஒரு பக்கெட்டில் கரைத்து, தெளிய வைத்து, தெளிந்த நீரை மட்டும் தொட்டியில் ஊற்றி, அரை மணி நேரம் விட்டு அப்புறம்தான் வால்வைத் திறக்க வேண்டும். 30 ஆயிரம் லிட்டர் தொட்டிக்கு 120 கிராம். அவ்வளவுதான். கடைசி வீட்டுக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் மீதம் இருந்தால் அந்தத் தண்ணீர் பாதுகாப்பானது என்று வைத்துக்கொள்கிறார்கள். ஒரு சொட்டு மருந்து விட்டால் மஞ்சளாக மாறுகிறதா என்று பார்த்தே கண்டுபிடித்துவிடலாம்.

கேட்க எளிது. ஆனால் பவுடர் மூட்டையைத் திறந்தபடியே வைத்திருந்தால் அதன் வீரியம் போய்விடும். போட்டோமா இல்லையா என்று நோட்டில் எழுத வேண்டும். குளோரின் நாற்றம் அடிக்கிறது என்று நாலு பேர் சத்தம் போட்டால் ஆபரேட்டர் அடுத்த நாள் போடாமலேயே விட்டுவிடுவார். அந்த நாலு பேரிடம் "ஏனுங்க, இந்த வாசம் இருந்தாத்தானுங்க புள்ளைகளுக்குக் காச்சல் வராது" என்று சொல்லிச் சமாளிக்க ஓட்டு வாங்கிய ஒருத்தர் வேண்டும். ஆபீசிலிருந்து வரும் சுற்றறிக்கை இந்த வேலையைச் செய்யாது.

அதே பிளீச்சிங் பவுடருக்கு இன்னொரு முகமும் இருக்கிறது. மந்திரி வருகிறார் என்றால் ரோட்டின் இரண்டு ஓரமும் கோலம் போட்ட மாதிரி வெள்ளையாகத் தூவியிருப்பார்கள். எந்தக் கிருமி ரோட்டோரம் வரிசையில் நிற்கிறது என்று தெரியவில்லை! 2020-ல் கொரோனா வந்தபோது தெருத்தெருவாக மருந்து தெளித்ததும் இந்த வகைதான். திறந்த வெளியில் தெளிப்பதால் பிரயோஜனம் இல்லை என்று உலக சுகாதார நிறுவனமே அந்த வருடம் மே மாதம் சொல்லிவிட்டது. கண்ணுக்குத் தெரியும் வேலைக்குக் கைதட்டு கிடைக்கும். தொட்டிக்குள் போடும் 120 கிராம் யார் கண்ணுக்கும் தெரியாது.

சரி, தலைவரையும் நர்சம்மாவையும் ஒன்றாக உட்கார வைக்க ஏதாவது ஏற்பாடு உண்டா? உண்டு. 2005-ல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் வந்தபோது ஒவ்வொரு ஊரிலும் கிராம சுகாதாரம், குடிநீர் மற்றும் துப்புரவுக் குழு என்று ஒன்றை அமைக்கச் சொன்னார்கள். பெயர்தான் நீளம், விஷயம் எளிமை. குழுவுக்கு வருடத்துக்கு 10 ஆயிரம் ரூபாய். அதை எதற்குச் செலவு செய்வது என்று ஊரே முடிவு செய்துகொள்ளலாம். தமிழ்நாட்டில் ஊராட்சித் தலைவர் அதற்குத் தலைமை, கிராம சுகாதார செவிலியர் கூட இருப்பார். வங்கிக் கணக்கு கூட்டுக் கணக்கு. இரண்டு கையெழுத்து இருந்தால்தான் பணம் வெளியே வரும்!

10 ஆயிரம் ரூபாய் என்பது இன்றைக்கு ஒரு கல்யாண வீட்டு இலைக் காசுக்குக்கூடக் காணாது. ஆனால் அந்தத் தொகையைவிட அந்த இரண்டு கையெழுத்துதான் விசேஷம். காசு எடுக்க வேண்டுமானால் இருவரும் நேரில் பார்த்துப் பேசியாக வேண்டும். எந்தத் தெருவில் காய்ச்சல் அதிகம் என்பது நர்சம்மாவுக்குத் தெரியும், ஏனென்றால் அவர் வீடு வீடாகப் போகிறவர். அந்தத் தெருவில் எந்தக் குழாய் சாக்கடைக்குள் போகிறது என்பது தலைவருக்குத் தெரியும். இந்த இரண்டு தகவலும் ஒரே மேஜைக்கு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

கொங்கு நாட்டுக்கு இது புதிதும் இல்லை. கோயமுத்தூரில் பிளேக் மாரியம்மன் என்று சாமிக்கே பெயர் வைத்திருக்கிறார்கள். நூறு வருடத்துக்கு முன்னால் இந்தப் பக்கம் பிளேக் ஊர் ஊராகக் காலி செய்ய வைத்த நோய். ஈரோட்டில் பிளேக் பரவி வசதியானவர்கள் ஊரைவிட்டு ஓடியபோது, பெரிய வியாபாரி வீட்டுப் பிள்ளையான ஈ.வெ.ராமசாமி ஊரிலேயே தங்கி, தூக்க ஆளில்லாத பிணங்களைத் தன் தோளில் தூக்கிப் போய் அடக்கம் செய்தார் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார்கள். பின்னால் அதே ஊருக்கு நகராட்சித் தலைவரானதும் அவர் எடுத்துச் செய்த முக்கியமான வேலை காவிரித் தண்ணீரைக் குழாயில் ஊருக்குள் கொண்டுவரும் திட்டம். அதே காலத்தில், 1917-லிருந்து 1919 வரை, சேலம் நகராட்சித் தலைவராக இருந்தவர் ராஜாஜி. பின்னாளில் எதிரெதிர் முகாமுக்குப் போன இரண்டு பேரும் பொது வாழ்க்கையை ஆரம்பித்தது முனிசிபாலிட்டியில், குழாயும் சாக்கடையும் பார்த்து என்பது கொஞ்சம் வேடிக்கைதான். இந்தியாவிலேயே முதலாவதாகப் பொது சுகாதாரச் சட்டம் வந்ததும் இங்கேதான், 1939-ல், அன்றைய சென்னை மாகாணத்தில். தண்ணீருக்கும் சாக்கடைக்கும் உள்ளாட்சியைப் பொறுப்பாக்கிய சட்டம் அது.

இவ்வளவு பழைய பாரம்பரியம் இருக்கிற ஊரில் தலைவர் நாற்காலியே காலியாகக் கிடந்தால் என்ன ஆகும்? அதுவும் நடந்தது. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய உள்ளாட்சித் தேர்தலை உயர்நீதிமன்றம் ரத்து செய்தது. பழைய தலைவர்களின் பதவிக்காலம் அந்த மாதமே முடிந்தது. அதன் பிறகு கிராமங்களுக்குத் தேர்தல் நடந்தது 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில். மூன்று வருடத்துக்கு மேல் ஊராட்சிகள் தனி அலுவலர்களின் கையில் இருந்தன.

நடுவில் 2017-ல் டெங்கு வந்தது. அந்த ஒரு வருடத்தில் தமிழ்நாட்டில் 23 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு உறுதியானது, 65 பேர் இறந்தார்கள் என்பது அரசுக் கணக்கு. தலைவர்கள் இல்லாததால்தான் டெங்கு வந்தது என்று யாராவது சொன்னால் அது அநியாயம். அந்த வருடம் மழை, முந்தின வருடத்து வறட்சி, கொசு என்று பல காரணங்கள். ஆனால் டெங்கு கொசுவின் குணத்தைக் கொஞ்சம் பார்த்தால் விஷயம் புரியும்.

இந்தக் கொசு சாக்கடையில் முட்டை போடுவதில்லை. நல்ல தண்ணீரில்தான் போடும். கோவை மாவட்டத்தில் எல்லா வீட்டிலும் நல்ல தண்ணிக்கு ஒரு டிரம், உப்புத் தண்ணிக்கு ஒரு தொட்டி என்று இருக்கும், ஏனென்றால் குழாயில் எப்போது தண்ணீர் வரும் என்று யாருக்கும் தெரியாது. தண்ணீர் வரும் இடைவெளி நீள நீள வீட்டில் சேர்த்து வைக்கும் பாத்திரம் கூடும், கொசுவுக்கு வீடும் கூடும். முட்டை கொசுவாக மாற ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீரைக் கொட்டிவிட்டால் மட்டும் போதாது, முட்டை டிரம்மின் உள்சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் தண்ணீர் பட்டதும் பொரியும். அதனால்தான் வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவச் சொல்கிறார்கள். மறுபடியும் கதை மோட்டாருக்கும் கரண்ட் பில்லுக்கும்தான் வந்து நிற்கிறது, பார்த்தீர்களா!

வீட்டுக்குள் வந்து டிரம்மை எட்டிப் பார்க்க விடுவார்களா? முன்பின் தெரியாத கொசு ஒழிப்புப் பணியாளர் வந்தால் வாசலோடு அனுப்பிவிடுவார்கள். கூடவே வார்டு உறுப்பினர் அக்கா வந்து, "தொட்டியக் கழுவுனீங்களா, அந்தப் பழைய டயரத் தூக்கிப் போடுங்" என்றால் கதவு திறக்கும். 2017-ல் பணியாளர்கள் போனார்கள், அதிகாரிகள் போனார்கள், அபராத நோட்டீசும் போனது. கூடப் போக ஓட்டு வாங்கின ஆள்தான் இல்லை.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கோவை மாவட்டத்தில் 228 கிராம ஊராட்சிகள், 12 ஒன்றியங்கள். வட்டார வளர்ச்சி அலுவலரே தனி அலுவலர் என்றால் சராசரியாக ஒருவருக்கு 19 ஊராட்சி. ஒவ்வொன்றுக்கும் பல குக்கிராமங்கள். அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் 19 ஊரின் டிரம்முக்குள் எட்டிப் பார்க்க முடியாது.

2020 ஜனவரி 6-ல் புதிய தலைவர்கள் பதவியேற்றார்கள். இரண்டரை மாதத்தில் ஊரடங்கு! சாவியை வாங்கிப் பீரோவைத் திறந்து பார்ப்பதற்குள் கொரோனா வந்துவிட்டது. வெளியூரிலிருந்து வந்தவர் யார், எந்த வீட்டில் தனிமையில் இருக்கிறார்கள், அவர்களுக்கு அரிசி பருப்பு யார் கொண்டுபோய்க் கொடுப்பது என்று தலைவர்களும் நர்சம்மாக்களும் தூய்மைக் காவலர்களும் சேர்ந்து அலைந்தார்கள். 2021 மே கடைசியில் தினசரித் தொற்று எண்ணிக்கையில் கோவை சென்னையையே தாண்டியது. அந்த வருடம் ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், பிரஷர், சுகர் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்க மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்களைச் சேர்த்துக்கொண்டார்கள். தெரிந்த முகம் வந்தால் கதவு திறக்கும் என்பது அரசாங்கத்துக்கும் தெரிந்துதான் இருக்கிறது.

அப்படியிருந்தும், 2019-ல் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ல் முடிந்தபோது உடனே அடுத்த தேர்தல் வரவில்லை. கோவை மாவட்ட ஊராட்சிகளுக்கு மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள். தலைவர் அறையைப் பூட்டினாலும் டேங்க் ஆபரேட்டருக்கு லீவு இல்லை, நர்சம்மா தடுப்பூசிப் பெட்டியோடு வழக்கம்போல வருவார். எந்தத் தெருவில் காய்ச்சல் என்பதும் அவர் நோட்டில் இருக்கும். அந்த நோட்டை எடுத்துக்கொண்டு அவர் ஊருக்குள் யாரைப் போய்ப் பார்ப்பார்?